சால்மன் என்று கேட்டு வாங்கியது

மேனாம்பேடு, அம்பத்தூர்
8 ஜூலை 2024

மோகனப்பிரியாவுக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் நீ என்னை முடக்கி வைத்திருக்கிறாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ அழுவாய், மூன்றாவது நிமிடம் நான் கத்துவேன், வர்ஷா அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். தாளில் எழுதினால் யார் சத்தமும் யாருக்கும் கேட்காது. அதனால் தபால்.

எனக்கு ஒரு விவரம் வேண்டும். புதன்கிழமைகளில் ஆபீஸ் விட்டு வந்ததும் மசாலா தடவி ஓவனில் மீன் வைப்பாயே, அதன் செய்முறை. சால்மன் என்று நினைக்கிறேன். அளவு, வெப்பம், நேரம் மூன்றையும் தெளிவாக எழுது. 'கொஞ்சம்', 'தேவையான அளவு' போன்ற சொற்கள் வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் தர ஆய்வு பார்த்தவனுக்கு அதெல்லாம் உதவாது.

வர்ஷா சரியாகச் சாப்பிடுவதில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு, பாடச் சுமை. காலையில் டிபன் வேண்டாம் என்கிறாள். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வருகிறது. ராத்திரி கேட்டால் "சாப்டேன்ப்பா" என்கிறாள். எங்கே, எப்போது என்றால் அறைக்குப் போய்விடுகிறாள். போன வாரம் பொறுமை போய், "உனக்கு என்னதான்டி வேணும்?" என்று சத்தம் போட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "புதன்கிழமை மீன்" என்றாள். அவள் வாயிலிருந்து இரண்டு சொல் சேர்ந்து வந்து பத்து நாளாகியிருந்தது. அதனால்தான் உன்னிடம் கேட்கும் நிலைமை.

இதை வைத்து நீ வேறெதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏப்ரலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் நீ. உன் அண்ணன் தமிழரசு வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் எல்லா மாப்பிள்ளைகள் பெயருக்குப் பின்னாலும் பட்டம் போட்டு, என் பெயரை மட்டும் மொட்டையாக அச்சடித்ததை நான் மறக்கவில்லை. எம்.இ. என்ற இரண்டெழுத்துக்கு அந்த அட்டையில் இடமில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் உன்னோடு பேசவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். ஏன் பேசவில்லை என்று எவனாவது கேட்டானா?

செய்முறை மட்டும் போதும்.

ராஜசேகரன், எம்.இ.


திருநின்றவூர்
12 ஜூலை 2024

வர்ஷா அப்பாவுக்கு,

"பெரிதாக ஒன்றுமில்லை" என்று நீங்கள் எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட லட்சுமணனை உங்களுக்கு மேலே மேலாளராகப் போட்ட அன்றும் வீட்டுக்கு வந்து இதையேதான் சொன்னீர்கள். பிறகு மூன்று நாள் லீவு போட்டுப் படுத்துக்கிடந்தீர்கள்.

அவள் எடை என்ன? ஏப்ரலில் நாற்பத்தேழு கிலோ இருந்தாள். மாதாமாதம் சரியாக வருகிறதா? இதை ஓர் அப்பாவிடம் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் கேட்பேன்? பரீட்சை முடியும்வரை என்று அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்து நின்றால் "அவ உன்ன பாக்க மாட்டாளாம், போ" என்கிறீர்கள். மாட்டேன் என்றது அவளா நீங்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடம் அங்கே, அலைய வேண்டாம், பரீட்சை வரைக்கும்தானே என்று நினைத்து விட்டுவிட்டு வந்தேன். அவளுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

நீங்கள் கேட்டபடி அளவோடு எழுதுகிறேன்.

தோலோடு இரண்டு துண்டு சால்மன், ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிராம். காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மசாலா ஒட்டாது. காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், தனியாத்தூள் ஒரு டீஸ்பூன், சீரகத்தூளும் மிளகுத்தூளும் அரை அரை, மஞ்சள் கால், உப்பு முக்கால், நாட்டுச்சர்க்கரை அரை. நான்கு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் குழைத்து, சதைப்பக்கம் மட்டும் தடவுங்கள். ஓவனை இருநூறு டிகிரியில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி, பத்து நிமிடம் முன்னாலேயே சூடு பண்ண வேண்டும். தோல் கீழே இருக்க வைத்து, பன்னிரண்டு நிமிடம். எடுத்ததும் இரண்டு நிமிடம் தொடாதீர்கள். எலுமிச்சை கடைசியில்தான். கூட ரசம் சாதம் இருந்தால் போதும்.

நானே ஒரு புதன்கிழமை வந்து செய்து வைத்துவிட்டுப் போகிறேனே. ஹாலில்கூட உட்கார மாட்டேன்.

மோகனா


மேனாம்பேடு
18 ஜூலை 2024

மோகனப்பிரியாவுக்கு,

நீ வர வேண்டாம். உன் செய்முறையின் லட்சணத்தை நேற்றே பார்த்துவிட்டேன்.

காலையில் அம்பத்தூர் ஓ.டி. மீன் மார்க்கெட்டுக்கு நானே போனேன். கெங்கம்மாள் என்று ஒரு அம்மா, வாசலிலிருந்து மூன்றாவது கடை. சால்மன் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கீது சார். இதோ, இந்தியன் சால்மன். எத்தினி கிலோ?"

"சால்மன் சிவப்பா இருக்குமேம்மா. இது வெளுப்பா இருக்கே?"

"செவப்பா கீறது ஃபாரின்ல எப்பவோ செத்த மீனு சார். பொட்டில போட்டு ஐஸ் வெச்சு அனுப்புறான். இது காலைல காசிமேட்லேர்ந்து வந்துக்கீது, கண்ணு பாரு, எப்டி மொறைக்குது! ஓட்டல்காரன்லாம் சால்மன்னுதான் கேட்டு வாங்கினு போறான். நீ இன்னா சார், படிச்ச மன்சன், மீனுகிட்ட சர்டிபிகேட்டா கேக்குற?"

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். வாங்கிவிட்டேன்.

நீ எழுதியதில் ஒரு கிராம் மாற்றவில்லை. சமையல் தராசு வாங்கி எடை போட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் மேலே நிறம் வரவில்லை என்று இன்னும் நான்கு நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்தால் பஞ்சு. உதிர்ந்து, வறண்டு, தொண்டையில் இறங்கவில்லை. வர்ஷா ஒரு துணுக்கு வாயில் வைத்தாள். "இது அம்மா செய்ற மீனே இல்லப்பா" என்று தட்டை நகர்த்தினாள்.

செய்முறையில் எதையோ மறைத்திருக்கிறாய். என்ன மறைத்தாய், ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். நான் தோற்க வேண்டும், அவள் 'அம்மா' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? சொல்லிவிட்டாள். சந்தோஷப்படு.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. "தட்டத் தள்றதுகூட உங்கம்மா மாதிரியே தள்ற" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். மே மாதத்திலிருந்து தினமும் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேனே. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்லுவது, விழுங்குமுன் கண்ணை மூடுவது, எல்லாம் நீதான். "மெல்றதுகூட அவளேதான்டி" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். முதலில் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

எடை பார்க்கவில்லை. நீ கேட்ட இன்னொரு விஷயத்தை நான் அவளிடம் எப்படிக் கேட்பது?

ராஜசேகரன், எம்.இ.


திருநின்றவூர்
22 ஜூலை 2024

வர்ஷா அப்பாவுக்கு,

நான் எதையும் மறைக்கவில்லை. கெங்கம்மாளும் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் வாங்கியது காலா மீன். அதைத்தான் இங்கே இந்தியன் சால்மன் என்று எழுதிப்போட்டு விற்கிறார்கள். பெயர்தான் ஒன்று, மீன் வேறு. குழம்புக்கும் வறுவலுக்கும் காலா அருமையாக இருக்கும். ஆனால் சால்மனில் உள்ள கொழுப்பு அதில் கிடையாது, அந்தச் சூட்டில் பதினாறு நிமிடம் வைத்தால் பஞ்சாகத்தான் ஆகும். சிவப்பு மீன் என்று நான் ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அதே வீட்டில் இருந்தீர்கள், தட்டில் இருந்த மீனின் நிறம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அண்ணாநகரில் உறைந்த மீன் விற்கும் கடைகளில் நார்வே சால்மன் என்று கேளுங்கள்.

இதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

அவள் மெல்லுவதைப் பார்த்துச் சொல்லாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். என்மேல் உள்ள கோபத்தையெல்லாம் என்னிடம் கொட்டுங்கள், பத்துப் பக்கம் எழுதுங்கள், ஒரு வரி விடாமல் படிக்கிறேன். பதினேழு வயதுப் பெண்ணிடம், வாயைத் திறந்தால் நீ அவள்தான், மென்றால் நீ அவள்தான் என்று தினமும் சொன்னால், அந்த வாயை அவள் என்ன செய்வாள்? நீங்கள் என்னை வெறுக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு எதை நம்பி உங்கள் எதிரில் மெல்லுவாள்?

இன்னொன்று. புதன்கிழமை மீன் என்று அவள் கேட்டது மீனை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. மசாலாவைத் தடவி வைத்துவிட்டால் ஓவன் சூடாகிற நேரமும் வேகிற நேரமுமாக இருபது நிமிடம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. வாரத்தில் நான் சும்மா இருந்தது அந்த இருபது நிமிடம்தான். சமையலறைத் தரையில் ஓவனுக்கு எதிரே உட்காருவோம். மார்க் பற்றிக் கேட்க மாட்டேன். அவள் ஏதாவது உளறுவாள். பள்ளியில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சர் புடவைக்கு எந்த ரவிக்கை போட்டு வந்தாள், இப்படி. மணி அடித்ததும் எழுந்து சாப்பிடுவோம்.

முடிந்தால் நீங்களும் அப்படி உட்காருங்கள். பேசாமல் இருந்தால்கூடப் போதும்.

மோகனா


மேனாம்பேடு
1 ஆகஸ்ட் 2024

மோகனப்பிரியாவுக்கு,

இருபது நிமிடம். வாரா வாரம் என் வீட்டுச் சமையலறையில் எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு மாநாடு நடந்திருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று நான் நம்ப வேண்டும்.

போகட்டும். மீன் விஷயத்தில் தவறு என்னுடையது. பொருளைச் சரிபார்க்காமல் பெயரை நம்பி வாங்கினேன். வேலையில் வேறொருவன் செய்திருந்தால் அவனை நிற்க வைத்துக் கேட்டிருப்பேன்.

நேற்று அரைநாள் லீவு போட்டு அண்ணாநகர் போய், ஐஸ் போட்ட பையில் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். சிவப்பு மீன்தான். ஒற்றி எடுத்தேன், தடவினேன், இருநூறு டிகிரி. வர்ஷா வாசனைக்கு அறையை விட்டு வெளியே வந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னப்பா, விழுந்துட்டியா?" என்றாள்.

"இல்ல, சும்மாதான். உக்காரு."

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். என் முழங்கால் வலித்தது, அசையவில்லை. நீ சொன்னபடி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "ஓவன் லைட்டுல மீனு சாமி மாதிரி இருக்குல்ல?" என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆமாம் என்றேன். "கெமிஸ்ட்ரி மிஸ் லவ் மேரேஜாம்ப்பா" என்றாள். அப்படியா என்றேன். அவள் கை என் பக்கத்தில் தரையில் ஊன்றியிருந்தது. மணிக்கட்டு எலும்பு இவ்வளவு பெரிதாக எப்போது ஆனது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டாள். நூற்றைம்பது கிராமில் நூற்றிருபதாவது சாப்பிட்டிருப்பாள். நான் வேண்டுமென்றே அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் சாதம்கூட இரண்டு வாய். மோகனா, நான் பொய் சொல்லவில்லை, அந்த நேரம் எனக்கு உன்மேல் கோபமே இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒன்று சொன்னேன். "உங்கம்மா செய்றத விட நல்லா வந்திருக்குல்ல?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். எவனும் கேட்கக்கூடிய கேள்விதான். அவள் கையில் இருந்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் குளித்தாள். அரை மணி நேரம். சாப்பிட்டதும் குளிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

எப்படியோ, சாப்பிட்டாள். இனி ஒவ்வொரு புதனும் செய்வேன். உன் உதவி தேவைப்படாது.

ராஜசேகரன்


திருநின்றவூர்
5 ஆகஸ்ட் 2024

வர்ஷா அப்பாவுக்கு,

அவள் குளிக்கவில்லை. வாந்தி எடுத்தாள். குழாயைத் திறந்தது உங்களுக்குக் கேட்கக்கூடாது என்று. ஜூன் மாதத்திலிருந்து இப்படித்தானாம். உங்கள் கடிதம் எனக்கு வந்து சேருமுன்பே இதை டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் மயங்கி விழுந்ததும் அவர்கள் உங்களுக்கு நான்கு முறை போன் செய்தார்கள். தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்திருப்பீர்கள். அதனால்தான் எனக்குக் கூப்பிட்டார்கள். நான் சூழ்ச்சி செய்து பள்ளிக்காரர்களை வளைத்துப்போட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினீர்களே, அது இல்லை. அவள் வீல்சேரில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். நீங்கள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியபோது நான் தடுக்காததற்குக் காரணம், நாம் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தால் அது ஒடிந்துவிடும் என்ற பயம்தான். நிஜமாகவே பயந்தேன்.

முப்பத்தாறு கிலோ. இதயத் துடிப்பு குறைவாக இருக்கிறது. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் கட்டாயம் படுக்க வைத்துக் குழாய் போட வேண்டும் என்கிறார். ஓர் இரவில் எதுவும் நடக்கலாம் என்றும் சொன்னார். உங்களிடமும் சொன்னாராம். நீங்கள், "வீட்ல நான் பாத்துக்குறேன், அட்டவணை போட்டிருக்கேன்" என்றீர்களாம்.

டாக்டர் தனியாகக் கேட்டபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் சாப்ட்டா அப்பாவுக்கு அம்மா ஞாபகம் வந்துடுது."

சனிக்கிழமை அவளை இங்கே கொண்டுவந்து விடுங்கள். வக்கீல், கோர்ட், எல்லாவற்றிலும் நீங்களே ஜெயித்துக்கொள்ளுங்கள். பிள்ளை மட்டும் உயிரோடு இருக்கட்டும்.

மோகனா


மேனாம்பேடு
11 ஆகஸ்ட் 2024

மோகனப்பிரியாவுக்கு,

உன் கடிதத்துக்கு நான்கு பக்கத்தில் பதில் எழுதி வைத்திருந்தேன். அவளை அனுப்ப மாட்டேன் என்றுதான் எழுதியிருந்தேன். தாயில்லாமல் மூன்று மாதம் யார் பார்த்துக்கொண்டது, மயங்கி விழுந்த நாளில் மட்டும் தாய் எங்கிருந்து வந்தாள் என்றெல்லாம். வியாழன்வரை அதில் உறுதியாக இருந்தேன்.

வியாழன் சாயங்காலம் சீக்கிரம் வந்தேன். அவள் அறைக்கதவு ஒரு விரல் திறந்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு பிஸ்கட் துண்டை மென்றுகொண்டிருந்தாள். சாப்பிடுகிறாளே என்று நின்றேன். தலை ஒரு பக்கம் சாயும். உடனே கையால் தாடையைப் பிடித்து நேராக்குவாள். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்வாள். மறுபடி சாயும், மறுபடி நேராக்குவாள். முடியவில்லை. டிஷ்யூவில் துப்பிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். பாடம் படிப்பது போல, திரும்பத் திரும்ப. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய், தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான்கு பக்கத்தையும் கிழித்தேன்.

நேற்று வர்ஷா திருநின்றவூரில் இறங்கியதை நீ பிளாட்பாரத்திலிருந்து பார்த்தாய். ரயிலுக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. அம்பத்தூரில் ஏறினோம். பை என் மடியில் இருந்தது. வண்டி வேகம் குறைந்ததும் எழுந்து பையைக் கேட்டாள். "நானே தூக்கிட்டு வரேன்" என்றேன்.

"வேணாம்ப்பா. நீ எறங்காத."

"பை வெயிட்டும்மா. உன்னால முடியாது."

"முடியும். நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னா எனக்கு வயித்த பெரட்டுது. ப்ளீஸ்ப்பா, எறங்காத."

அதனால்தான் இறங்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன் என்று உன் அண்ணனிடம் சொல்லியிருப்பாய். அப்படி இல்லை. அவள் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன். வண்டி எடுத்துவிட்டது. அடுத்த ஸ்டேஷன் வேப்பம்பட்டில் இறங்கித் திரும்பும் வண்டிக்கு நின்றேன்.

நீ செய்ததையெல்லாம் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எனக்கு விவரம் வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டாள், அது வயிற்றில் நின்றதா, டாக்டர் என்ன சொன்னார். நான் வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவேன். நீயும் எழுது.

ராஜசேகரன்


திருநின்றவூர்
24 ஆகஸ்ட் 2024

வர்ஷா அப்பாவுக்கு,

பதினோராம் தேதிக்கு அப்புறம் நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. முதலாவதை மட்டும் படித்தேன். மற்ற இரண்டையும் பிரிக்கவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

முப்பத்தைந்து கிலோவில் நிற்கிறாள். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. சில நாள் கஞ்சி உள்ளே நிற்கிறது. ஒருநாள் அரை இட்லி. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குப் பையைக் கட்டித் தயாராகவே வைத்திருக்கிறேன். ராத்திரி மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன்.

தபால்காரர் கூப்பிட்டால் எனக்கு முன்னால் அவள்தான் வாசலுக்குப் போகிறாள். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். "என்னப் பத்தி என்னம்மா எழுதிருக்காரு?" என்பாள். "ஒண்ணுமில்லடி, சும்மா" என்பேன். நம்ப மாட்டாள். அன்று முழுக்க வாயைத் திறப்பதில்லை, பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. போன வெள்ளி ஒன்று வந்தது. செவ்வாய் ஒன்று. நேற்று ஒன்று. தபால் வராத நாளில்தான் அந்தக் கஞ்சியும் இட்லியும்.

பிரிக்காத அந்த இரண்டிலும் நீங்கள் நல்லதாகவே எழுதியிருக்கலாம். மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவளுக்கு அதில் வித்தியாசம் இல்லை. கவரைப் பார்த்தாலே போதும்.

டாக்டரிடம் சொன்னேன். நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அதை அவரால் சொல்ல முடியவில்லை.

அதனால் எழுதாதீர்கள். என் ஆபீஸ் விலாசத்துக்கும் வேண்டாம், நான் முகத்தில் காட்டிவிடுவேன். இதற்குச் சரி என்று ஒரு வரிகூட வேண்டாம். எதுவும் வராமல் இருந்தால், நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மோகனா